குழாய் மானிட்டரில் படம் கடல்பாசி போல நடுங்குகிறது, கரண்ட் போனால் நின்றுவிடுகிறது

உளுந்துக்கணக்கு (தாம்வே, ரங்கூன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கி எழுதினால் அது இருக்கா, இது இருக்கா என்று நாலு நாள் கேட்பீர்கள், அதனால் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறேன்.

நான் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்புக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு. அங்கே நீங்கள் தின்கிற இட்லியில் பாதி எங்கள் ஊர் உளுந்து என்று இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன். பகல் முழுக்கக் கட்டம் கட்டமாக எண்களைப் பார்த்துக் கண் எரியும். இருந்தாலும் ராத்திரி ஒரு மணி நேரம் கேம் ஆடாமல் தூக்கம் வராது.

போன மாதம் எங்கள் தெருமுனை கேம் கடையை மூடினார்கள். பள்ளிக்கூடம் விட்டு நேராகப் போய் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிய கடை. பின்னறையில் ஒரே ஒரு குழாய் மானிட்டர் (சிஆர்டி, பழைய டிவி மாதிரி பின்பக்கம் பெருத்தது) லுங்கித் துணி போர்த்திக் கிடந்தது. 17 இஞ்ச் சாம்சங் சிங்க்மாஸ்டர். "எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு இடம் காலியானால் போதும்" என்றார் கடைக்காரர். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தேன். வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பால்கனிக் கயிற்றில் பேப்பரும் மோகிங்கா பொட்டலமும் ஏறும், இது ஏறுமா? வயிற்றோடு அணைத்துக்கொண்டு படி ஏறினேன். நாலாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அங்கிருக்கும் பாட்டி எட்டிப் பார்த்து, "டிவி ரிப்பேருக்குப் போயிருந்ததா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க மூச்சு இல்லை.

சரி, இனி விஷயம்.

என் பழைய கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அதில் வெள்ளை நிற டிவிஐ துளை இருக்கிறது. மானிட்டரின் கேபிள் விஜிஏ, அதனால் டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன முனை ஒன்று வாங்கினேன். உள்ளே போகவில்லை. தட்டையான கம்பியைச் சுற்றி நாலு பின் இருக்கிறது, கார்டில் அதற்கான ஓட்டை இல்லை. விற்ற கடைக்கே திரும்பிப் போனேன். அந்தப் பையன் கட்டிங் பிளேயரை எடுத்து, "நாலையும் வெட்டிவிடலாம் அண்ணே, போய்விடும்" என்றான். வெட்டினான். போனது. படம் மட்டும் வரவில்லை.

அப்புறம் இப்போதைய கார்டு ஆர்எக்ஸ் 6600. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் குட்டைவால் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். படம் வந்தது! 1024×768, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தரம் படம். மானிட்டரின் சொந்த மெனுவில் 48.4 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. மூன்று குறைகள்:

முதல் குறை, கறுப்பு கறுப்பாக இல்லை. சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. இருட்டுக் காட்சிகளுக்காகவே இந்தக் குழாயைத் தூக்கி வந்தேன், அதுவே இப்படி.

இரண்டு, விண்டோஸ் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தரமாட்டேன் என்கிறது. அன்று கேம் கடையில் 85 வைத்திருந்தார்கள் என்று நன்றாக ஞாபகம். 60இல் வெள்ளைத் திரை படபடக்கிறது, அரை மணியில் தலைவலி. கேபிளில் ஒரு பின்னைக் காணோம், நடு வரிசையில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. அதுதான் காரணமா?

மூன்றாவதுதான் என்னைத் தின்கிறது. படம் நடுங்குகிறது. கடல்பாசி இனிப்பைத் தட்டில் வைத்து மேசையைத் தட்டினால் எப்படி நடுங்கும், அப்படி. இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. எழுத்துகளின் ஓரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது நடுக்கம் சுத்தமாக இல்லை. கண்ணாடி மாதிரி நிற்கிறது. "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று தெருவே கத்தும், அடுத்த நொடி என் திரை ஆட ஆரம்பிக்கும். இன்னொன்று, சில நாள் சாயங்காலம் எங்கள் கட்டட ஜெனரேட்டரில் ஓடும். அப்போதும் ஆடுகிறது, ஆனால் கொஞ்சம் நிதானமாக ஆடுகிறது. இதை நான் கற்பனை செய்யவில்லை, தங்கையும் பார்த்தாள்.

கரண்ட் லைன் அழுக்கு என்று நினைத்து யூபிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி நடுவில் போட்டேன். நடுக்கம் அப்படியே. அதுபோக மானிட்டரை ஆன் செய்யும்போது "டொய்ங்" என்று ஒரு சத்தம் வருமே, அந்த நேரத்தில் யூபிஎஸ் கீச்சென்று கத்துகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதே மேசையில் இதே கார்டில் எல்சிடி மானிட்டர் அசையாமல் நிற்கிறது. மேசையில் வேறு எதுவும் இல்லை. இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு டேபிள் ஃபேன். ஃபேனை அணைத்தும் பார்த்தாயிற்று.

குழாய் செத்துக்கொண்டிருக்கிறதா? ஆறு மாடி சுமந்தது வீணா?


பிக்சல்பாண்டி (மாண்டலே) பதில்:

அண்ணே, முதல் இரண்டு குறையும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கே ஒரு கேம் கடையில் ஆறு வருஷம் மெஷின் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய பின் கதைக்கு முதலில் சிரித்துவிடுகிறேன். அந்த நாலு பின் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. விஜிஏவுக்குப் போகிற அனலாக் சிக்னல் வருவதே அவற்றின் வழியாகத்தான். கார்டில் ஓட்டை இல்லை என்றால் அந்தச் சிக்னலே உள்ளே இல்லை என்று அர்த்தம். உங்கள் பழைய கார்டின் கம்பெனி என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 900 வரிசையோடு அனலாக் முடிந்தது, 2015இல் வந்த 980 டிஐதான் அந்த வம்சத்தில் கடைசிப் பெரிய தலை. 2016இல் வந்த 10 வரிசையிலிருந்து டிவிஐ இருந்தாலும் டிஜிட்டல் மட்டும். இப்போதைய கார்டின் கம்பெனி ஏஎம்டி இன்னும் முன்னாலேயே, 2013இல் ஆர்9 290 வந்தபோதே கழற்ற ஆரம்பித்துவிட்டது. ஆகவே உங்கள் இரண்டு கார்டுக்கும் டிஜிட்டலை அனலாக் ஆக்குகிற ஒரு சில்லு வெளியே இருந்தே தீர வேண்டும். நீங்கள் வாங்கிய குட்டைவாலுக்குள் அதுதான் இருக்கிறது.

கறுப்பு சாம்பலாக இருப்பது: எச்டிஎம்ஐ என்றதும் கார்டு எதிரில் டிவி இருப்பதாக நினைத்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 என்று அனுப்ப வேண்டியதை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும். அப்படி வந்தால் குழாய்க்குக் கறுப்பு என்பதே போய்ச் சேராது. ஏஎம்டி சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே பக்கத்தில் பிக்சல் ஃபார்மேட் என்று இருக்கும், அதில் ஆர்ஜிபி 4:4:4 ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் கறுப்பு ஓரம் மறையும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். குழாய் சூடாக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஆன் செய்த உடனே இதைச் செய்யாதீர்கள்.

60க்கு மேல் வராதது: நடு வரிசையில் காலியாக இருக்கும் இடம் 9ஆம் பின். அது இல்லாமல் இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். கீழ் வரிசையில் 12ஆவதும் 15ஆவதும் இருக்கிறதா பாருங்கள். மானிட்டர் தன் பெயர், தகுதி எல்லாம் கார்டுக்குச் சொல்வது அந்த இரண்டு வழியாகத்தான். அவை இல்லாவிட்டால், வந்திருப்பது யார் என்று தெரியாமல் விண்டோஸ் ஒரு பாதுகாப்பான 60ஐக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கேபிள் மாற்றுங்கள். மாற்றியும் வரவில்லை என்றால் சிஆர்யு என்று ஒரு சின்ன இலவசப் புரோகிராம் இருக்கிறது, முழுப்பெயர் கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி. நாமே கையால் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எழுதும்போது ஒரு கணக்கு. கணக்குப்பிள்ளைக்கே கணக்கு சொல்கிறேன், மன்னிக்கவும். 17 இஞ்சில் பெரும்பாலானவை 70 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். ஒரு நொடிக்கு எத்தனை கோடு வரைய முடியும் என்பதுதான் அந்த எண். 1024×768 என்றால் மேலே கீழே மறைந்திருக்கும் கோடுகளையும் சேர்த்து 808. அதை 85ஆல் பெருக்குங்கள், 68,680. அதாவது 68.7 கிலோஹெர்ட்ஸ், எல்லைக்குள் நிற்கும். அதையே 100இல் கேட்டால் 80ஐத் தாண்டிவிடும், வராது. 800×600 என்றால் 100 ஹெர்ட்ஸுக்கு 63.6தான், தாராளமாக வரும். 640×480இல் 120கூட வைக்கலாம். 1280×1024 பக்கம் போகாதீர்கள், அது 5:4 அளவு, குழாய் 4:3, வட்டம் முட்டையாகிவிடும். அங்கே 1280×960தான் சரி, உங்கள் குழாயில் 60க்கே 60 கிலோஹெர்ட்ஸ் தின்றுவிடும்.

சின்ன கன்வெர்ட்டர் இதையெல்லாம் தாங்குமா என்று கேட்பீர்கள். 1024×768 85க்கு 94.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் வேகம் போதும். மலிவுச் சரக்கே 1080பி 60 என்று போட்டு விற்கிறான், அதற்கு 148.5 வேண்டும். ஆகவே உங்களுக்குத் தாங்கும். சோனியின் எஃப்டபிள்யூ900 மாதிரி 24 இஞ்ச் ராட்சசன், 2304×1440ஐ 80 ஹெர்ட்ஸில் ஓட்டுகிற ஜாதி, கையில் கிடைத்தால்தான் டிஸ்ப்ளேபோர்ட்டில் போடுகிற சன்னிக்ஸ் டிபியு3000 மாதிரி விலை உயர்ந்த சரக்கைத் தேட வேண்டியிருக்கும். அந்தச் சோனி 40 கிலோவுக்கு மேல். ஆறு மாடி ஏற்றிப் பாருங்கள், அப்புறம் கேம் ஆட ஆள் இருக்காது.

நடுக்கம் மட்டும் எனக்குக் கன்வெர்ட்டர் மேல்தான் சந்தேகம். எச்டிஎம்ஐ துளையிலிருந்து 55 மில்லிஆம்ப் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி, சில கன்வெர்ட்டருக்கு அது பசிக்குச் சோளப்பொரி. பக்கத்தில் மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை இருந்தால் அதில் 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். இன்னொரு வழி, உங்கள் மதர்போர்டிலேயே விஜிஏ துளை இருந்து பிராசசரில் உள் கிராபிக்ஸும் இருந்தால் அதில் மாட்டுங்கள். விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்கில் கேமுக்கு ஆர்எக்ஸ் 6600ஐத் தேர்ந்தெடுத்தால் அது வரைந்து கொடுக்கும், படம் மதர்போர்டு வழியாக வெளியே வரும். கொஞ்சூண்டு தாமதம் கூடும். ஒரு காசு செலவில்லை.


பெகுக்காரி (பெகு) பதில்:

நான் ஒருத்தி குறுக்கே பேசிக்கொள்கிறேன். எதற்குத் தம்பி இந்தப் பாடு? 17 இஞ்ச் குழாய் 80, 90 வாட் இழுக்கும். அதே அளவு எல்சிடி 20, 25. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், பேட்டரியில் ஒவ்வொரு வாட்டும் அரிசி மாதிரி அளந்து போட வேண்டியிருக்கிறது. என் வீட்டில் 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரி ஒன்று. கணக்குப்படி 1200 வாட் மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக 600. அதில் ஃபேன், விளக்கு, பிள்ளைகள் படிப்பு. உங்கள் கேம் மெஷினும் குழாயும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் குடித்துவிடும். சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்தும் பாருங்கள், குழாய் தலைக்கு மேல் அடுப்பு வைத்த மாதிரி இருக்கும்.

144 ஹெர்ட்ஸ் எல்சிடி ஒன்றைப் பழையதாக வாங்கினால் வேலை முடிந்தது. சுமக்கவும் லேசு.


உளுந்துக்கணக்கு:

அக்கா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, வாட் கணக்கில் நான் தோற்றுவிட்டேன். பேட்டரியில் நான் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆடுவதில்லை, அம்மா விடமாட்டார். ஆனால் ஒரு விஷயம். 144 எல்சிடி நண்பன் வீட்டில் பார்த்தேன். அடுத்த படம் வரும் வரை முன் படத்தை அது பிடித்துக்கொண்டே நிற்கிறது, நம் கண் நகர்கிறது, அதனால் ஓரம் இழுபடுகிறது. குழாயில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லி நொடி அளவு மின்னி அணைந்துவிடும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் மவுஸைச் சட்டென்று திருப்பினால் சுவரில் இருக்கும் எழுத்தைத் திருப்பும்போதே படிக்கலாம். பேட்டரியில் ஆடிய அந்த இருபது நிமிஷத்தில் அதைப் பார்த்துவிட்டேன், இனி மறக்க முடியாது. தவிர ஸ்டார்கிராஃப்ட் பழைய பதிப்பு 640×480. எல்சிடியில் அது இழுத்துப் பூசிய மாதிரி தெரியும். குழாய்க்குச் சொந்த அளவு என்று எதுவும் இல்லை, கொடுத்ததை அப்படியே வரையும்.

பாண்டி, நீங்கள் சொன்ன ஃபுல் ஆர்ஜிபி வேலை செய்தது. கறுப்பு கறுப்பாகிவிட்டது, கும்பிடு. கேபிளில் 12ஆவது பின் இல்லவே இல்லை! நாளை வேறு கேபிள் வாங்குவேன். ஆனால் யுஎஸ்பியில் 5 வோல்ட் கொடுத்தும் நடுக்கம் போகவில்லை.


வால்வுரேடியோ (மோல்மேன்) பதில்:

தம்பி, உன் குழாய் நன்றாக இருக்கிறது. கன்வெர்ட்டரும் நன்றாக இருக்கிறது. எதையும் வாங்காதே.

நான் மோல்மேனில் நாற்பது வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தவன். இப்போது கண் சரியில்லை, கடையை மகனிடம் விட்டாயிற்று, அவன் போன் திரை மாற்றுகிறான். உன் கேள்வியைப் பேத்தி வாசித்துச் சொன்னாள். "ஜெனரேட்டரில் நிதானமாக ஆடுகிறது" என்று வந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

நம் நாட்டில் டிவி வந்தது 1980இல். வந்தது என்டிஎஸ்சி முறை, அதாவது நொடிக்கு 60 தரம் படம். வீட்டுக் கரண்ட் 50. இந்த 60க்கும் 50க்கும் நடுவில் இருக்கும் 10 எனக்குப் பல வருஷம் சோறு போட்டது. ஒரு வீட்டில் கூப்பிடுவார்கள், படம் ஆடுகிறது, டிவியில் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் டிவிக்கு அடியிலேயே ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருக்கும். வோல்டேஜ் 160க்கு இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் யார் டிவி வைப்பார்கள்? டிவியோடு சேர்த்துக் கொடுத்த சீதனம் மாதிரி அதைப் பக்கத்திலேயே வைப்பார்கள். நான் அதை எடுத்து அறையின் அந்தப் பக்கம் வைப்பேன். படம் நிற்கும். காசு வாங்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதனால் பின்மூடியைத் திறந்து தூசி தட்டிவிட்டு வாங்குவேன்.

நடப்பது இதுதான். ஸ்டெபிலைசருக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதிலிருந்து கசியும் காந்தம் நொடிக்கு 50 தரம் இப்படியும் அப்படியும் புரளும். குழாய்க்குள் படத்தை வரைவது பறந்து போகும் எலக்ட்ரான் கதிர், காந்தம் பட்டால் கதிர் வளையும். மானிட்டரும் 50இல் வரைந்தால் ஒவ்வொரு படமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும், உனக்கு ஆட்டம் தெரியாது, ஓரம் கோணலாக மட்டும் தெரியும். நீ 60இல் வரைகிறாய். ஒவ்வொரு படத்துக்கும் வளைவு கொஞ்சம் தள்ளிப் போகிறது. 60இல் 50 போனால் 10. நொடிக்குப் பத்து நடுக்கம், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வேகம். எல்சிடியில் கதிர் கிடையாது, அதனால் அது அசையாது. யூபிஎஸ் போட்டும் ஏன் போகவில்லை என்றால், காந்தம் கம்பி வழியாக வரவில்லை, காற்று வழியாக வருகிறது.

கட்டட ஜெனரேட்டர் லேசான சுமையில் வேகமாக ஓடும், 52 வரை போகும். 60இல் 52 போனால் 8. அதுதான் நிதானம். கரண்ட் போனால் ஸ்டெபிலைசர் செத்த பெட்டி, காந்தம் இல்லை, படம் கண்ணாடி.

மேசையில் வேறு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். இடது பக்கம் அதிகம் ஆடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இடது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பலகைச் சுவரோ செங்கல் சுவரோ, காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். புதுக் கேபிள் போட்டதும் 85 வை. நடுக்கம் பொடிப்பொடியாக, வேகமாக மாறும், 85இல் 50 போனால் 35. அப்புறம் பாண்டி சொன்ன மாதிரி 800×600இல் 100 வை. 100 என்பது 50க்கு இரண்டு மடங்கு, அடுத்தடுத்த படம் எதிரெதிராக வளையும், அந்த வேகத்தைக் கண் பிடிக்காது, ஆட்டம் ஏறக்குறைய நின்ற மாதிரி தெரியும். ஊர்க் கரண்ட் சரியாக 50 இருக்காது, அதனால் படம் குளத்துத் தண்ணீர் மாதிரி மெதுவாக அசையலாம். அப்படி அசைந்தால் நான் சொன்னது உறுதி.

ஸ்டெபிலைசரை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளு. இரண்டு மடங்கு தூரம் போனால் காந்தம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும், அரை முழமே பெரிய வித்தியாசம் காட்டும்.

கையோடு ஒன்று. பின்மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். குழாயின் தோளில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு வயர் இருக்கும், 25,000 வோல்ட் பக்கம். பிளக்கைப் பிடுங்கிப் பல மணி நேரம் கழித்தும் குழாயில் மிச்சம் இருக்கும். எனக்கு ஒரு தரம் அடித்ததில் ஏணியிலிருந்து விழுந்தேன், அடித்ததைவிட விழுந்ததில்தான் கை ஒடிந்தது. ஜப்பான் பழைய சாமான் கடையில் குழாய் டிவி, மானிட்டர் பார்த்தாலும் பின்னால் 100 வோல்ட் மட்டும் என்று போட்டிருக்கிறதா, 100 முதல் 240 என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்கு. நம் 230இல் 100 வோல்ட் பெட்டியைச் சொருகிப் புகையோடு என்னிடம் கொண்டுவந்தவர்கள் அநேகம்.


உளுந்துக்கணக்கு:

ஐயா, கால் எங்கே, காட்டுங்கள்.

என் மேசைக்கு இடது பக்கம் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அம்மாவின் அறை. அங்கே சாமி மாடத்துக்குக் கீழே, தரையில், வீட்டுக்கே சேர்த்துப் போட்ட 5 கிலோவாட் ஸ்டெபிலைசர்! மேலே சிவப்புத் துணி போர்த்தி, அதன் மேல் விபூதித் தட்டு வைத்திருக்கிறார். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அது ஒரு ஸ்டெபிலைசர் என்பதே மறந்து, மாடத்தின் அடிப்படி என்று ஆகிவிட்டது. டேப் வைத்து அளந்தேன். அதிலிருந்து மானிட்டர் குழாய் வரை 40 சென்டிமீட்டர்கூட இல்லை.

முதலில் நீங்கள் சொன்ன சோதனை. புதுக் கேபிளில் 85 உடனே வந்தது, சிஆர்யு தேவைப்படவில்லை. நடுக்கம் பொடியானது, எழுத்துக்கு ரோமம் முளைத்த மாதிரி. 800×600இல் 100 வைத்தேன். நின்றது. நன்றாக உற்றுப் பார்த்தால் இடது ஓரக் கோடு உள்ளே வந்து, வெளியே போய், மூச்சு விடுகிற மாதிரி, மூன்று நாலு நொடிக்கு ஒரு தரம். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "இதற்கா என்னைக் கூப்பிட்டாய்" என்று போய்விட்டாள். எனக்கு மெய் சிலிர்த்தது. ஊர் முழுக்க ஓடுகிற கரண்ட் 50இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது என் திரை ஓரத்தில் தெரிகிறது!

ஸ்டெபிலைசரை நகர்த்துவதுதான் பெரிய பாடு. பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறது, ஏன் இப்போது, ஒரு டிவிக்காகவா என்றார் அம்மா. (நாலாவது மாடிப் பாட்டி சொல்லி அது டிவி என்றே முடிவாகிவிட்டது.) வெள்ளிக்கிழமை கூடாது என்றார், சனிக்கிழமை எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து வயரை நீட்டி, வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்குக் கீழே வைத்தோம். பழைய இடத்தில் தரை ஓட்டில் ஒரு சதுரம் மட்டும் புதுசு மாதிரி பளபளக்கிறது. அம்மா அதன் மேல் கோலம் போட்டுவிட்டார்.

இப்போது 60இல்கூட அசைவு தெரியவில்லை. 1024×768 85இல் வைத்து ஆடுகிறேன். ஆர்எக்ஸ் 6600க்கு இந்த அளவு கைத்தூசி, 1080பியில் இருக்கும் பிக்சலில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. புது கேம்களில் எல்லா அலங்காரத்தையும் உச்சத்தில் வைத்தாலும் 85க்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஒன்றே ஒன்று பாக்கி. வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா நிறத் தேமல். வெள்ளைப் பக்கம் திறந்தால் தெரிகிறது. மெனுவில் டீகாஸ் (குழாயில் ஒட்டிய காந்தத்தைப் போக்குவது) அழுத்தினேன், முதல் தரம் டொய்ங் என்றது, அடுத்தடுத்து அழுத்தினால் சத்தமே இல்லை. பட்டன் போய்விட்டதா?


வால்வுரேடியோ:

ஸ்பீக்கர். மேசையில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் என்று நீயே எழுதியிருக்கிறாய். வலது பக்கத்தது மானிட்டரை ஒட்டி நிற்கிறது, இல்லையா? இந்தக் கால ஸ்பீக்கருக்குக் காந்தக் கவசம் போடுவதில்லை. தள்ளி வை.

பட்டன் போகவில்லை. உள்ளே ஒரு சின்ன வில்லை சூடாகித்தான் அந்தக் கரண்டை நிறுத்துகிறது, அது ஆறாமல் அடுத்த தரம் வேலை செய்யாது. ஒரு தரம் அழுத்து, அரை மணி விடு, மறுபடி அழுத்து. யூபிஎஸ் கத்தியதும் இதனால்தான், அந்த ஒரு நொடி அது இழுக்கிற இழுப்பு அப்படி.


உளுந்துக்கணக்கு:

ஒட்டித்தான் நின்றது ஐயா. எடுத்துவிட்டேன். அரை மணிக்கு ஒன்றாக மூன்று டொய்ங். தேமல் இரண்டாவதிலேயே பாதி வெளுத்தது, மூன்றாவதில் காணவில்லை. மூன்றாவதுக்கு அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த டிவியை என்னடா மணி அடிக்கிறாய்?" என்றார்.


பெகுக்காரி:

தம்பி, 144 வாங்கச் சொன்னது நான்தான், இருந்தாலும் கேட்கிறேன். அந்த மூடிய கேம் கடையில் இன்னொன்று இருந்ததா?